இத்தாலி விசுக்கோத்தும் மல்லித் தண்ணீரும்

என் புருஷன் ஒஸ்வால்டுக்கு எதையும் அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு வந்து எல்லாம் தெரிந்தவர் போலப் பேசும் வியாதி உண்டு. துறைமுகத்தில் கிளார்க் வேலை. இத்தாலிக் கப்பல் சமையற்காரன் கொடுத்தான் என்று ஒருநாள் ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வந்தார். உள்ளே விசுக்கோத்து. பாண் ரொட்டியைச் சாய்வாக வெட்டிக் காயவைத்தது மாதிரி, நடுநடுவே பாதாம் பருப்பு. ஒன்றைக் கடித்தேன். கடைவாய்ப் பல் போய்விட்டது என்றே நினைத்தேன்.

“இது ரெண்டுதரம் சுட்டது. வைனில நனைச்சுத்தான் தின்னவேணுமாம்,” என்றார்.

“தபசு காலத்தில வைனா? நாளைக்கு றோஸியப் பாக்க வாறாங்க. நான் தேத்தண்ணியோடதான் வைப்பன்.”

“இத்தாலிக்காரன் கேட்டாச் சிரிப்பான்.”

“அவனா என்ர தங்கச்சியக் கட்டப்போறான்?”

றோஸிக்கு முப்பது நடக்கிறது. அம்மாவும் அப்பாவும் போன பிறகு எங்களோடுதான் இருக்கிறாள். சீதனம் போதாதென்று மூன்று சம்பந்தம் தட்டிப்போனது. இப்போது பெண் பார்க்க வரும் பற்றிக், முகத்துவாரத்து ஆள், சுங்கத்தில் உத்தியோகம், சீதனம் பற்றி வாயே திறக்கவில்லை. இதையும் விட்டால் அவள் தனியாகவே கிடந்துவிடுவாள் என்று பயந்தேன்.

ஞாயிறு பின்நேரம் பற்றிக்கும் தாய் எவ்லின் மாமியும் வந்தார்கள். றோஸியை என் பக்கத்தில் இருத்தினேன். உட்கார்ந்த உடனேயே மாமி சொன்னார்: “எனக்குத் தேத்தண்ணி, கோப்பி ஒண்டும் வேணாம் பிள்ளை. பாஸ்கு வரைக்கும் விட்டிருக்கிறன்.”

பாஸ்குத் திருநாளுக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலத்தில் எங்கள் ஆட்கள் ஆளுக்கொன்றை விடுவது வழக்கம்தான். ஒருவர் இறைச்சியை விடுவார், ஒருவர் சுருட்டை விடுவார். இந்தப் புண்ணியவதிக்கு விடுவதற்குத் தேநீர்தானா கிடைத்தது?

மாமி விசுக்கோத்தை வெறும் வாயில் கடித்தார். அது அசையவில்லை. எடுத்ததைத் திருப்பி வைக்கவும் மரியாதை விடவில்லை. வாயில் வைத்தபடியே ஊறட்டும் என்று இருந்தார். கலியாணப் பேச்சு அப்படியே நின்றுபோனது. பற்றிக் தன் விசுக்கோத்தைத் தேநீர்க் கோப்பைக்கு மேலே கொண்டுபோய்விட்டுத் தாயைப் பார்த்தார். நாலு பேர் முன்னால் நனைத்துத் தின்பது எங்களுக்குள் அவமானம். மாமி கண்ணால் ஒரு அதட்டுப் போட்டார். விசுக்கோத்து தட்டுக்குத் திரும்பியது. தாய் சொல் தட்டாத பிள்ளை என்று எனக்குச் சந்தோஷம்.

அந்த நேரம் பார்த்து ஒஸ்வால்ட் எழும்பி, அலுமாரியிலிருந்து போர்ட் வைன் போத்தலை எடுத்து வந்தார். “இதில நனைச்சுப் பாருங்க மாமி.”

“தபசு காலத்தில குடியா?” மாமியின் முகம் கறுத்தது. கைப்பையைத் தேடினார்.

அந்தப் போத்தலைப் பறித்து என் புருஷன் தலையிலேயே போடவேண்டும் போலிருந்தது எனக்கு. குசினிக்கு ஓடினேன். அவருடைய இருமலுக்கு அவித்த மல்லித் தண்ணீர் அடுப்பில் இருந்தது. சுடச்சுட ஊற்றி, சீனி போட்டுக் கொண்டுவந்தேன்.

“மல்லித்தண்ணி மாமி. மருந்துதானே, இதுக்கு விரதமில்ல. மருந்தில நனைச்சா மரியாதைக் குறைவுமில்ல.”

மாமி ஒருதரம் யோசித்தார். பிறகு நனைத்தார். தட்டு காலியாகும்வரை நிறுத்தவில்லை. தாய் நனைத்த பிறகு மகனும் நனைத்தார்.

“கெட்டிக்கார வீடு. பாஸ்கு முடிஞ்ச கையோட கலியாணத்த வைப்பம்,” என்று சொல்லிவிட்டுத்தான் மாமி போனார். அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்த வேண்டும் என்று நான் மனதுக்குள் நேர்ந்துகொண்டிருந்தேன்.

“எனக்கு வேணாம் அக்கா,” என்றாள் றோஸி.

“என்ன வேணாம்?”

“அந்த ஆள். ஒரு விசுக்கோத்து நனைக்கிறதுக்கு அம்மாட முகத்தப் பாக்கிறார். பிறகு என்னோட கதைக்கிறதுக்கும் பாப்பார்.”

“உனக்கென்ன விசரா? இனி ஆர் வருவாங்க?” தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

றோஸி கத்தவில்லை. “மூண்டு பேர் என்னை வேணாமெண்டவங்க. அண்டைக்கெல்லாம் நீங்க அவங்களோட கத்தேல்ல. நான் ஒருதரம் வேணாமெண்டதும் கத்துறீங்க,” என்றாள்.

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. வெறும் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். ஒஸ்வால்ட் பின்னாலேயே வந்தார்.

“மாமிக்கு என்னெண்டு சொல்லி அனுப்புறது?”

“பொம்பிளைக்குப் பிடிக்கேல்லையாம் எண்டு சொல்லுங்க,” என்றேன். எங்கள் வீட்டிலிருந்து அப்படியொரு செய்தி அதுவரை யாருக்கும் போனதில்லை.