சட்டைப்பையில் கூடு

மழைக்காட்டிலிருந்து திரும்பிய மறுவாரம் ஒலிப்பதிவாளரின் நெஞ்சுக்குள்ளிருந்து பறவை பாட ஆரம்பித்தது. அட்டை கடித்த கால்களோடு, மைக்கை நீட்டி, மூச்சை அடக்கி மரத்தடியில் கிடந்து அவர் பதிவு செய்துகொண்டுவந்த சாம்பல் பறவையின் பாட்டேதான், இம்மியும் பிசகாமல் விடிந்ததும் கேட்டது. "வாயை மூடுங்களேன், பிள்ளை தூங்குறா" என்றாள் மனைவி. "மூடித்தான் இருக்கேன்" என்றார் அவர். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டு, இருதயம் நன்றாக இருக்கிறது, பாட்டும் பரவாயில்லை என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அடுத்தவர்களின் பதிவுகளிலெல்லாம் பாட்டு புகுந்துவிடவே, ஸ்டூடியோ முதலாளி அவரை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னார்.

அதற்குள் காட்டை வெட்டிவிட்டார்கள். அந்த இனத்தில் ஆண் பறவை ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று செய்தி வந்த சில நாட்களில், ஒரு பெண் பறவை நகரத்து இரைச்சலையெல்லாம் தாண்டி மாடிவீட்டுச் சமையலறை ஜன்னலில் வந்து உட்கார்ந்தது. அது அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. சட்டைப் பொத்தானுக்குப் பின்னால் பாடுபவனையே பார்த்துக்கொண்டிருந்தது. "நான் அவன் இல்லம்மா, போயிடு" என்று கெஞ்சினார். கம்பளியை இறுக்கிப் போர்த்திப் பார்த்தார். பாட்டு கம்பளியையும் துளைத்துக்கொண்டு வந்தது. பஸ் ஏற்றிக் காட்டுக்கே கொண்டுபோனார். அங்கே வெட்டிய அடிமரங்கள்தான் இருந்தன. பறவை அவருடைய காலருக்குள் ஒடுங்கித் தூங்கியபடி அவரோடே திரும்பி வந்தது.

பிறகு அது வாசல் கால்மிதியிலிருந்து நாரும் மகளின் ரிப்பனிலிருந்து நூலும் உருவி, அவருடைய சட்டைப்பைக்குள் கூடு கட்டி முட்டையிட்டது. அவர் நாற்காலியைவிட்டு அசையவில்லை. மனைவி ஊட்டிவிட்டாள்.

"பொரிக்குமாப்பா?" என்றாள் மகள்.

"பொரிக்காதும்மா."

"அதுகிட்ட சொல்லிடுங்களேன்."

"எத்தனையோ தடவை சொல்லிட்டேன். நான் பேசறது அதுக்குக் கேக்கவே மாட்டேங்குது. பாட்டுதான் கேக்குது."

நாள் கடந்தும் பறவை அடைகாத்தது. கடைசியில் ஒரு மத்தியானம் சில்லிட்ட முட்டைகளைத் தானே அலகால் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டது. அவர் மடியில் விழுந்து உடைந்த முட்டையோடுகளை எடுக்கக் கையெழாமல் உட்கார்ந்திருந்தார். நெஞ்சு மட்டும் வழக்கம்போலப் பாடிக்கொண்டிருந்தது.

அடுத்த மழைக்காலம் தொடங்கியதும் பறவை மறுபடி நார் பொறுக்கியது. மனைவி அவருடைய சட்டைகளையெல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு, பைகளைப் பிரித்துக் கொஞ்சம் ஆழமாகத் தைத்தாள்.