மக்கிப்போன கயிறு

ஆடி மாதம் வந்துவிட்டால் கன்னியப்பனை அடையாளம் தெரியாது. மற்ற பதினோரு மாதமும் பழைய காக்கி பேண்ட்டும் ரப்பர் செருப்புமாக டிராக்டர் ஓட்டுகிற மனுஷன், தீமிதிக்குக் காப்பு கட்டியதும் மஞ்சள் வேட்டி, வெறுங்கால், மணிக்கட்டில் மஞ்சள் கிழங்கு முடிந்த கயிறு என்று வந்து நிற்பார். மகள் கவிப்பிரியா டெங்கு வந்து கிடந்தபோது வேண்டிக்கொண்டது; பிழைத்துவிட்டாள். இது மூன்றாவது வருஷம். டிராக்டர் முதலாளி ஷேக் தாவூதும் அதற்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. அடுத்தவன் வேண்டுதலில் மூக்கை நுழைக்கிற ஆளில்லை அவர்.

ஆனால் இந்த ஆடியில் டிராக்டருக்குப் பின்னால் புல் வெட்டும் மிஷின் இருந்தது. தை மாதம்தான் வாங்கினார். செம்பரம்பாக்கம் பக்கம் உழுவதற்கு இப்போது யார் கூப்பிடுகிறார்கள்? பிளாட் போட்டவன் கூப்பிடுகிறான், குடோன்காரன் கூப்பிடுகிறான். புல் மண்டிக்கிடக்கு, பாம்பு வருது, வந்து வெட்டிக் குடு பாய் என்கிறான். ஆகையால் மிஷின்.

டிராக்டரின் பின்புறம் பல் வெட்டிய தண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதன் சுழற்சியை மிஷினுக்குக் கொண்டுபோவதுதான் ஷாஃப்ட். நிமிஷத்துக்கு ஐந்நூற்று நாற்பது சுற்று. அதனால் அதன்மேல் குழாய் மாதிரி ஒரு பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுப்பார்கள். உறையைச் சின்னச் சங்கிலியால் மாட்டிவிட்டால், உள்ளே ஷாஃப்ட் சுற்றும், உறை சும்மா நிற்கும். கை பட்டாலும் துணி பட்டாலும் கவலையில்லை. அந்த உறையைத் தாவூத் சித்திரையிலேயே கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். கிரீஸ் அடிக்க இடைஞ்சலாக இருந்ததாம். சும்மா கிடந்த குழாயை அவர் மனைவி ஜரினா விடுவாளா? மொட்டைமாடித் தொட்டியில் நட்டு, முல்லைக்கொடியை ஏற்றிவிட்டாள். கொடியும் தளதளவென்று வந்துவிட்டது.

தீமிதிக்கு முதல் நாள், சனிக்கிழமை காலை, பாரிவாக்கத்தில் ஒரு பிளாட். கன்னியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஷாஃப்டைத் தூக்கக் குனிந்தார்.

"கைய எடு!" என்று கத்தினார் தாவூத்.

"இன்னா பாய்?"

"அந்தக் கயித்த அவுத்துட்டு அப்புறம் தொடு."

கன்னியப்பன் சிரித்தார். "நாளைக்கு நெருப்புல எறங்கிட்டு, ஆத்தா முன்னாலதான் அவுக்கணும் பாய். நடுவுல அவுக்கறதாவது?"

"ஷாஃப்ட் புடிச்சு இழுத்துச்சுன்னா கைய தனியா எடுத்துகினு போவணும். வேட்டி வேற கட்டிகினு கீற. போய் பேண்ட் போட்டுகினு வா."

"விரதத்துல பேண்ட்டா? முனியம்மா ஊட்டுக்குள்ளயே சேக்கமாட்டா."

தாவூத் வீம்புக்குச் சொல்லவில்லை. போன வாரம் யாரோ போனில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார்கள். எங்கேயோ ஒரு ஊர். லுங்கி கட்டிய ஒருத்தர் ஓடுகிற ஷாஃப்டைத் தாண்டுகிறார். ஒரு நொடிதான். தாவூத் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கன்னியப்பனுக்கு அப்படி ஒன்று ஆனால் அவர் மனைவி முனியம்மா முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம் அன்றிலிருந்து அவரைப் பிடித்து ஆட்டியது.

"அந்த உறைய மாட்டிட்டா வேட்டியாவது கயிறாவது, ஒண்ணும் ஆவாதே பாய்?" என்றார் கன்னியப்பன்.

"அத்த உடு. முல்லைக்கொடி ஏறிக் கெடக்கு. நீ சீட்டுல ஏறி உக்காரு. இன்னிக்கு ஷாஃப்ட் வேல என் வேல."

"உன் கழுத்துலயும்தான் ஒரு கயிறு கீது."

"இது தாயத்துய்யா."

அந்தத் தாயத்துக்கு ஏழு வயது. நசரத்பேட்டை சிக்னலில் பைக்கோடு விழுந்து எழுந்த பிறகு, ஜரினா தர்காவில் ஓதி வாங்கிக் கறுப்புப் பருத்திக் கயிற்றில் கட்டிவிட்டது. சின்ன வெள்ளிக் கூடு. குனிந்தால் சட்டைக்கு வெளியே வந்து தொங்கும். ஏழு வருஷத்து வேர்வையில் கயிறு மக்கி, அங்கங்கே திரி திரியாக நின்றது. இரண்டு மாதமாக ஜரினா நைலான் கயிறு வாங்கி ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாளைக்கு மாத்திக்கறேன் என்பார் தாவூத். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்?

ஷாஃப்டை மாட்டும்போது தாவூத் பாடம் வேறு நடத்தினார். "மொதல்ல மிஷின தரைல எறக்கணும். இன்ஜின் ஆஃப். சாவிய உருவி பாக்கெட்ல போட்டுக்கணும், எவனும் தெரியாம ஸ்டார்ட் பண்ணிடக்கூடாது. அப்புறம் பல்லுக்குப் பல்லு பாத்து, லாக் பின்ன அழுத்திகினு உள்ள தள்ளணும். டக்குன்னு சத்தம் வர்ற வரைக்கும்." எல்லாம் சரிதான். தள்ளியபின் ஒருமுறை வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும், லாக் பின் விழுந்ததா இல்லையா என்று. அந்த இடம் வரும்போது பேச்சு மறுபடியும் கன்னியப்பனின் வேட்டிக்குப் போய்விட்டது. இழுத்துப் பார்க்காமலே எழுந்து கையைத் தட்டிக்கொண்டார்.

பாதி பிளாட் வரைக்கும் நன்றாகவே ஓடியது. வெட்டிய புல்லில் பூச்சி பொறுக்கக் கொக்குகள் பின்னாலேயே வந்தன. அப்புறம் கடகடவென்று ஒரு சத்தம். கன்னியப்பன் வண்டியை நிறுத்தினார். இன்ஜினும் ஷாஃப்டும் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. தாவூத் பின்பக்கம் வந்தார்.

"இரு பாய், ஆஃப் பண்றேன்."

"ஆஃப் பண்ணா சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு எப்டித் தெரியும்? அப்டியே உடு."

காலையில் நடத்திய பாடமெல்லாம் எங்கே போயிற்றோ! கன்னியப்பனுக்கு வேட்டி ஆபத்து, கயிறு ஆபத்து. தனக்கு மட்டும் கண் பார்த்தால் போதும் என்று நினைத்தார். முழங்காலில் கையூன்றிக் குனிந்தார். லாக் பின் சரியாக விழவில்லை, ஷாஃப்ட் நழுவி ஆடுகிறது என்பது தெரிந்தது. இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

யாரோ சட்டென்று பிடரியைப் பிடித்துக் கீழே இழுத்தார்கள். முகம் ஷாஃப்டுக்கு நேராகப் போயிற்று. சுற்றுகிற இரும்பின் காற்று மூக்கில் பட்டது. பிறகு பிடி விட்டது. பின்னால் சாய்ந்து புல்லில் உட்கார்ந்தார்.

கன்னியப்பன் இன்ஜினை அணைத்துவிட்டு ஒரே தாவலில் இறங்கி ஓடி வந்தார். "பாய்! பாய்!" இரண்டு கையாலும் தாவூதின் கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். ரத்தம் இல்லை. பிடரியில் மட்டும் சிவப்பாக ஒரு கோடு. "தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சு பாய்."

தாவூத் ஷாஃப்டில் கறுப்பாகச் சுற்றியிருந்த தாயத்துக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃப்ரிட்ஜ் மேல் இருந்த நைலான் கயிறு நினைவுக்கு வந்தது. போன வாரமே மாற்றியிருந்தால்? நேற்று மாற்றியிருந்தால்? பயமா வெட்கமா என்று கேட்டால், இரண்டும்தான். காலையில் ஒருவரைப் பார்த்துக் கத்தினோமே என்ற வெட்கம் கொஞ்சம் கூடுதல்.

"சாவிய குடு. இன்னிக்கு வேல போதும்" என்றார் கடைசியில்.

வீட்டுக்கு வந்தவர் நேராக மொட்டைமாடி ஏறினார். முல்லைக்கொடியை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்துத் தரையில் கிடத்தினார். ஜரினா ஓடி வந்தாள்.

"இன்னாங்க பண்றீங்க? பூக்கிற நேரத்துல! எவ்ளோ கஷ்டப்பட்டு ஏத்துனேன்!"

"உறை வேணும். நாளைக்கே வேற குச்சி நட்டுத் தரேன்."

அப்போதுதான் அவர் கழுத்தைப் பார்த்தாள். "தாயத்து எங்க?"

தாவூத் தொட்டியிலிருந்து குழாயைப் பிடுங்கி மண்ணைத் துடைத்தார். சங்கிலியில் துரு ஏறியிருந்தது. எண்ணெய் விட்டால் போதும், ஆடும்.

சாயங்காலம், மக்ரிப் பாங்குக்கு முன்னால், கன்னியப்பன் வாசலில் வந்து நின்றார். வெறுங்காலெல்லாம் முள் கீறல். கையை விரித்தார். உள்ளங்கையில் வெள்ளிக்கூடு, ஒரு பக்கம் நசுங்கி. மத்தியானத்திலிருந்து வெட்டிய புல்லைக் கையால் அள்ளி அள்ளித் தேடியிருக்கிறார். மணிக்கட்டில் கயிறு அப்படியே இருந்தது.

"உள்ள ஓதி வெச்சது பத்திரமாத்தான் கீது பாய்."

தாவூத் அதை வாங்கிக்கொண்டு, வாசலில் சாத்தியிருந்த உறையைக் காட்டினார். "திங்கக்கெழம இத்த மாட்டிட்டுத்தான் வண்டி எடுக்கணும். ஷாஃப்ட் சுத்தறப்போ நானும் சரி நீயும் சரி, கிட்ட போகக்கூடாது. நான் போனா நீ என்னக் கேக்காம ஆஃப் பண்ணிடு. நாளைக்கு நெருப்புல பாத்து எறங்கு."

கன்னியப்பன் தலையாட்டிவிட்டுப் போனார்.

ஜரினா நைலான் கயிற்றை எடுத்து வந்தாள். "ரெண்டு மாசமா தொண்ட கிழிய கத்தறேன். இத்த யானை இழுத்தாலும் அறாது. தலையக் குனிங்க."

தாவூத் குனியவில்லை. "இது வேணாம் ஜரினா. மிஷின்கிட்ட போறப்போ கழட்டி வெச்சுட்டுத்தான் போவேன். ஆனா மறந்துடுவேன். என்னப் பத்தி உனக்குத் தெரியும். ஒரே இழுப்புல அறுந்துபோற கயிறா பாத்துக் குடு."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அருகில் வந்து சட்டைக் காலரை விலக்கினாள். சிவப்புக் கோடு, கயிறு கிடந்த இடத்திலேயே. வாசலில் இருந்த உறையைப் பார்த்தாள். மறுபடியும் கோட்டைப் பார்த்தாள். கையிலிருந்த நைலான் கயிற்றைக் கீழே போட்டாள். உள்ளே போய், முல்லை கட்டுகிற நூல்கண்டை எடுத்து வந்தாள்.

ஒரு முழம் பிரித்து, இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு ஒரு இழு இழுத்தாள். பட்டென்று அறுந்தது. இரண்டு துண்டையும் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றவள், அப்புறம்தான் அழுதாள்.