பகலவனைக் கொன்ற கிருமி

சம்பா அறுவடையில் இயந்திரத்தின் கத்தி காலைக் கிழித்தபோது பகலவன் சிரித்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனான். தையல் போட்டார்கள். காயம் ஆறாமல் சீழ் வைத்தது. மருந்தை மாற்றி மாற்றி ஏற்றியும் அந்தக் கிருமி மசியவில்லை. ரத்தத்தில் கலந்து அவனைக் கொண்டுபோய்விட்டது.

அவன் அக்கா பூவிழி தஞ்சாவூரில் நுண்ணுயிரியல் ஆராய்ச்சி மாணவி. தம்பியின் சீழில் இருந்து எடுத்து வளர்த்த கிருமி, அம்மாவின் சம்மதத்தோடு அவளுடைய ஆய்வகத்துக்கே வந்து சேர்ந்தது.

"நீ இதைத் தொட வேண்டாம்மா, வேற யாருகிட்டயாவது குடுக்குறேன்" என்றார் வழிகாட்டி கலைமகள்.

"நான்தான் செய்வேன் மேடம். வேற யாரும் இதைக் கொல்லக் கூடாது."

கிருமியைப் பரப்பி, நடுவில் மருந்து வில்லையை மட்டும் வைத்த தட்டில், வில்லையை உரசிக்கொண்டே கிருமி வளர்ந்து நின்றது. எலுமிச்சம்புல் தைலம் வைத்தாள், கிராம்புத் தைலம் வைத்தாள். கொஞ்சம் தயங்கிவிட்டு மறுபடி வளர்ந்தது. "திமிரப் பாரு" என்று அதனிடம் வாய்விட்டே சொன்னாள். பக்கத்தில் இருந்தவர்கள் மெல்லத் தள்ளி உட்கார்ந்தார்கள்.

தம்பிக்குப் பலிக்காத அதே மருந்தோடு ஓமத் தைலத்தையும் சேர்த்து வைத்த தட்டை ஒரு காலையில் எடுத்துப் பார்த்தாள். வில்லையைச் சுற்றிக் கிருமியே இல்லாத அகலமான, தெளிந்த வட்டம். தைலம் கிருமியின் உறையைக் குலைத்து, மருந்துக்கு வழி விட்டிருக்கலாம் என்றார் கலைமகள்.

"மனுசங்களுக்குக் குடுக்க இன்னும் ரொம்ப தூரம் இருக்கு."

"இருக்கட்டும் மேடம். இது செத்துருச்சுல்ல?"

சேதி கேட்ட அம்மா அம்சவல்லி வலங்கைமானிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள். ஆய்வகத்துக்குள் விடவில்லை. கண்ணாடிக்கு வெளியே போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். பூவிழி தட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"வட்டத்துக்குள்ள எல்லாம் செத்துருச்சும்மா."

அம்மா கண்ணாடியில் நெற்றியை ஒட்டிப் பார்த்தாள். "வெளிய மங்கலாத் தெரியுதே, அது?"

"அது உசுரோட இருக்கு."

"எதுக்குடி விட்டு வச்சிருக்க?"

"இப்பதாம்மா கொதிக்க வைக்கப் போறேன். ஆராய்ச்சிக்குன்னு குப்பியில மட்டும் கொஞ்சம் பத்திரமா வச்சிருக்கோம். வளத்து வளத்துக் கொல்லணும்."

அம்மா நெற்றியைக் கண்ணாடியிலிருந்து எடுத்தாள்.

"கொல்லு" என்றாள். "நான் நின்னு பாத்துட்டுப் போறேன்."

பூவிழி தட்டை ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கலனில் வைத்து மூடியை இறுக்கினாள். உள்ளே நீராவி சீறத் தொடங்கும்வரை அம்மா அந்த இடத்தை விட்டு அசையவில்லை.