பேச்சுக் கொடுத்தபடி

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் காலை விசாலாட்சியை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து, வாரைக் கட்டி, கம்பளியைக் கழுத்துவரை போர்த்தி, ஜங்லிகாட் கடைத்தெரு வழியாக லம்பா லைன் வரை கொண்டுபோய்த் திரும்பினோம். ஆம்புலன்ஸில் உதவிக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் நோயாளியாக ஒரு சவாரி போக வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். அரசாங்கப் புத்தகத்தில் அப்படி ஒன்றும் கிடையாது. ரோட்டுப் பள்ளம் முதுகில் எப்படி இறங்குகிறது என்று தெரியாதவன் அடுத்தவனைத் தூக்கக் கூடாது. அவளுக்கு முன்னால் வந்த மூன்று ஆண்களும் படுத்துக்கொண்டே சிரித்தார்கள். ஒருவன் பீடி கேட்டான். விசாலாட்சி கூரையையே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கியதும், "தலைமாட்டுல உக்காந்திருக்கிற ஆள் மூஞ்சி தலைகீழாத் தெரியுதுண்ணே. பயமா இருக்கு. பக்கத்துல உக்காந்தா நல்லாருக்கும்" என்றாள். பதினோரு வருஷமாக நான் தலைமாட்டில்தான் உட்கார்ந்து வந்திருக்கிறேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

அறுபத்தெட்டாம் வருஷம் அது. பெண்களை ஆம்பிளைகள் தூக்குவதா என்று கிராமங்களில் முணுமுணுப்பு வந்ததால் ஒரு பெண் வேண்டுமென்று ஆஸ்பத்திரியில் முடிவு செய்து, விசாலாட்சியை எடுத்தார்கள். முப்பத்தாறு வயது. ரங்கூனில் பிறந்து, நாலு வருஷத்துக்கு முன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மெட்ராஸ் வந்து, அங்கே முகாமில் புருஷனை டைபாய்டுக்குக் கொடுத்துவிட்டு, தம்பியோடு இந்தத் தீவுக்கு வந்தவள். அதிகம் பேச மாட்டாள். எனக்கோ வாய்தான் எல்லாம். டிரைவர் சொக்கலிங்கம் சொல்வான், பெட்ரோல் தீர்ந்தால் சிவஞானத்தின் பேச்சை ஊற்றி வண்டி ஓட்டலாம் என்று.

அதனால் இரண்டாவது பாடத்தை அவளுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று எனக்குக் கவலையாக இருந்தது. இரண்டாவது பாடம், பேச்சுக் கொடுப்பது. எங்கள் வண்டியில் ஆக்ஸிஜன் கிடையாது, டாக்டர் கிடையாது. ஒரு பெட்டி பஞ்சும் கட்டுத்துணியும் உண்டு, அப்புறம் எங்கள் வாய் உண்டு. கண் செருகுகிறவனைத் தூங்க விட்டால் அவன் போய்விடுவான் என்பது என் நம்பிக்கை. டாக்டர்கள் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். சிரிக்கட்டும். 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்று சும்மாவா சொன்னார்கள்.

"என்னத்தைப் பேசறது?" என்றாள் விசாலாட்சி.

"எந்தக் கப்பல்ல வந்தீங்கன்னு கேளுங்க. இந்த ஊர்ல கப்பல் ஏறாம வந்தவன் யாரு? அதைக் கேட்டா சாகக் கிடக்கிறவன்கூட எந்திரிச்சு உக்காந்து, வாந்தி எடுத்ததுலேருந்து ஆரம்பிப்பான்."

"நான் ஏறலியே" என்றான் சொக்கலிங்கம். அவன் தாத்தா கைதியாக வந்தவர். அவனும் அவன் அப்பாவும் பிறந்தது இங்கேயே. மெயின்லேண்டைப் படத்தில்தான் பார்த்திருக்கிறான். தமிழ் பேசினாலும் பாதி இந்தி கலந்துவிடும். "என்கிட்ட கேட்டா க்யா போலூங்கா, என்னத்தச் சொல்ல?"

ஆஸ்பத்திரியில் வண்டி நிறுத்தும் ஷெட்டுக்குப் பின்னால் நிழலில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அன்றைக்குப் பேச்சு எல்லா இடத்திலும் துப்பாக்கியைப் பற்றித்தான். குடியேறியவர்களின் வயலை மான் மேய்ந்து தீர்க்கிறது, அடித்துத் தின்னப் புலி இல்லாத ஊரில் மான் பெருகாமல் என்ன செய்யும், அதனால் வீட்டுக்கு வீடு லைசென்ஸ் கொடுக்கப் போகிறார்கள் என்று ஒரு வதந்தி.

"குடுக்கணும்" என்றான் சொக்கலிங்கம். "பத்து வீட்டுக்கு ஒரு பந்தூக் குடுத்தா? மான் என்ன பத்து நாளைக்கு ஒருவாட்டியா வருது?"

"பத்து வீட்டுக்கு ஒண்ணு இருக்கும்போதே வருஷத்துக்கு ரெண்டு பேரைத் தூக்கறோம். வீட்டுக்கு ஒண்ணுன்னா நமக்கு இன்னொரு வண்டி வேணும்."

"வண்டி மோதுதுன்னு வண்டிய நிறுத்திட்டாங்களா அண்ணே? சிகானா சாஹியே. எப்படிப் பிடிக்கணும், எங்க மாட்டணும்னு கத்துக்குடுக்கணும். இவங்களுக்கு நீங்க கத்துக்குடுக்கறீங்கல்ல, உஸி தரஹ், அதே மாதிரி."

நான் விசாலாட்சியிடம் அபிப்பிராயம் கேட்டேன். அவள் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து சொன்னாள். "எங்க ஊருக்குத் துப்பாக்கி வந்துச்சு. நாங்க கப்பல் ஏறிட்டோம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அப்போதுதான் போன் வந்தது. சிப்பிகாட்டைத் தாண்டி ஒரு தமிழ்க் குடியேற்ற வீடு, ஒரு பெண்ணுக்குத் துப்பாக்கிக் குண்டு. சொக்கலிங்கம் டீயைக் கீழே ஊற்றினான். வழியில் யாரும் துப்பாக்கியைப் பற்றிப் பேசவில்லை.

வீட்டுக்குப் பின்னால் அவரைப் பந்தல். அதன் கீழே ஒரு பாயில் அந்தப் பெண்ணைக் கிடத்தியிருந்தார்கள். பெயர் செல்லம், முப்பது வயதிருக்கும். வலது விலாவுக்குக் கீழே ஒரு வேட்டியை மடித்து வைத்து அழுத்திக்கொண்டிருந்தான் அவள் புருஷன் ஜம்புலிங்கம். என்னைப் பார்த்ததும், நான் கேட்காமலே, "துடைச்சிட்டிருந்தேன். தோட்டா உள்ள இருந்தது தெரியல. வெடிச்சிருச்சு" என்றான். பாடம் ஒப்பிக்கிற குரல். துப்பாக்கி எங்கே என்று பார்த்தேன். திண்ணை கிடையாது அந்த வீட்டில். துடைப்பதென்றால் வாசலில் உட்கார்ந்துதான் துடைக்க வேண்டும். துப்பாக்கியோ பந்தலிலிருந்து இருபது அடி தள்ளி, கொல்லைக் கதவோரத்தில் மண்ணில் கிடந்தது. அதைக் கவனித்தேன், ஆனால் அது என் வேலையில்லை. பக்கத்து வீட்டு மீனாம்பாள் ஒரு ஒன்பது வயதுப் பெண்ணைத் தன் வயிற்றோடு சேர்த்து, முந்தானையால் முகத்தை மூடிப் பிடித்திருந்தாள். ருக்கு, அவர்களுடைய ஒரே மகள் என்றார்கள். முந்தானைக்குக் கீழே அவள் கால்கள் மட்டும் தெரிந்தன.

போலீஸ் வரும்வரை ஜம்புலிங்கம் அங்கேயே இருக்க வேண்டும் என்று ஊர்க்காரர்கள் நிறுத்திக்கொண்டார்கள். வண்டிக்குப் பின்னால் நானும் விசாலாட்சியும் ஏறினோம். நான் இரண்டு கையாலும் கட்டுத்துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். விசாலாட்சி தலைமாட்டுக்குப் போகவில்லை. பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து செல்லத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எந்தக் கப்பல்லம்மா வந்தீங்க?"

எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வருஷம் நான் அதைச் சந்தை இரைச்சலில் கேட்கிற மாதிரி கேட்டிருக்கிறேன். அவள் கேட்டது உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல இருந்தது. செல்லம் கண்ணைத் திறந்தாள். ருக்கு கைக்குழந்தையாக இருக்கும்போது வந்தது, கப்பலில் பால் வற்றிப் போனது, ஒரு மலையாளத்துப் பெண் தன் பாலைக் கொடுத்தது என்று துண்டு துண்டாகச் சொன்னாள். விசாலாட்சி "அப்புறம்?" என்றாள். பள்ளம் வரும்போதெல்லாம் தன் முழங்கையை ஸ்ட்ரெச்சருக்கு அடியில் கொடுத்துத் தாங்கினாள். "அப்புறம்?" என்றாள் மறுபடி. இவ்வளவு நல்ல மாணவி எனக்குக் கிடைத்ததில்லை என்று அந்த நேரத்திலும் எனக்குள் ஒரு பெருமை எழுந்ததை மறைக்க மாட்டேன்.

"ருக்கு மானைத்தான் பாத்தா" என்றாள் செல்லம். "நான் பந்தலுக்குப் பின்னால காய் பறிச்சிட்டிருந்தேன். என்னப் பாக்கல."

வண்டியின் சத்தத்தில் நான் சரியாகக் கேட்டேனா என்று விசாலாட்சியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"அவங்கப்பா எடுக்கிறதப் பாத்திருக்கா. பகல்லயே மான் வந்திருச்சு. விரட்டத்தான் எடுத்தா. துப்பாக்கிச் சத்தத்துல அம்மா விழுந்து, மூங்கிக்கம்பு குத்திருச்சுன்னு அவகிட்ட சொல்லிருக்கு. போலீஸ்ல அவர் துடைச்சேன்னு சொல்லுவார். நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "அவளுக்குத் தெரியக் கூடாதுக்கா. இன்னும் எவ்வளவு வருஷம் வாழணும் அது."

"தெரியாதும்மா. அப்புறம்?" என்றாள் விசாலாட்சி. லம்பா லைன் திருப்பத்தில் என் கைக்குக் கீழே வயிறு ஏறி இறங்குவது நின்றதை உணர்ந்தேன். அழுத்துவதை விடவில்லை. விசாலாட்சியும் கேட்பதை விடவில்லை. ஆஸ்பத்திரி வாசல்வரை "அப்புறம் சொல்லுங்க, அப்புறம்" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

மத்தியானம் போலீஸ் ஜீப்பில் ஜம்புலிங்கத்தை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தார்கள். பின்னாலேயே ஒரு லாரியில் மீனாம்பாளும் ருக்குவும் வந்து இறங்கினார்கள். இன்ஸ்பெக்டர் வடக்கத்திக்காரர், நல்ல மாதிரியாகத்தான் பேசினார். ஆனால் துடைக்கும்போது வெடித்த துப்பாக்கி எப்படிக் கொல்லைக் கதவோரம் மண்ணில் கிடந்தது என்று அவருக்குப் புரியவில்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டையா என்று ஊரில் கேட்டிருக்கிறார். ஒருவர் ஆமாம் என்றிருக்கிறார். எந்த வீட்டில்தான் சண்டை இல்லை. ஊரார் வாயை மூட உலைமூடி உண்டா? இன்ஸ்பெக்டர் ஷெட்டுக்கு வந்து என்னிடம் கேட்டார், வழியில் அந்தப் பெண் ஏதாவது சொன்னாளா என்று.

எனக்கு இந்தி நன்றாக வரும். சொல்லியிருந்தால், ஜம்புலிங்கம் அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போயிருப்பான். குழந்தையின் பெயர் காகிதத்தில் ஏறியிருக்கும், அம்மாவைச் சுட்டவள் என்றே ஊர் அவளைக் கூப்பிட்டிருக்கும். சொல்லாவிட்டால், அப்பன் ஜெயிலுக்குப் போவான். உறவென்று ஒருத்தரும் இல்லாத தீவில் அவள் தனியாக நிற்பாள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த ஊரில் யாரும் அடக்க முடியாத வாய் என்னுடையது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "நான் காயத்தை அழுத்திக்கொண்டிருந்தேன் சாப். பேசிக்கொண்டு வந்தது இவள்தான்" என்று விசாலாட்சியைக் கைகாட்டினேன். வேலைக்குச் சேர்ந்து மூன்று நாள் ஆனவளை. பேச வைக்கச் சொல்லிக்கொடுத்த நான், கேட்டதை என்ன செய்வதென்று அவளுக்குச் சொல்லித்தரவில்லை. எனக்கே அது தெரியாது.

"ராஸ்தே மே குச் போலி?" என்று இன்ஸ்பெக்டர் அவளிடம் கேட்டார்.

விசாலாட்சி என்னைப் பார்த்தாள். நான் என் நகக்கண்ணில் காய்ந்திருந்த ரத்தத்தைப் பார்த்தேன்.

"குச் நஹி போலா, சாப்" என்றாள், ஒன்றும் சொல்லவில்லை என்று.

அவர் எழுதிக்கொண்டு போனார். சொக்கலிங்கம் டயரில் ஓர் உதை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டான். நானும் விசாலாட்சியும் குழாயடியில் வண்டியைக் கழுவ ஆரம்பித்தோம். அவள் வாளி வாளியாக ஊற்றினாள், நான் தேய்த்தேன். தண்ணீர் முற்றம் முழுக்கப் பரவி வாசல் பக்கமாக ஓடியது. ஜீப் அதன்மேல் ஏறித் திரும்பி, ஜம்புலிங்கத்தைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு வெளியே போனது. அவன் எந்தப் பக்கமும் பார்க்கவில்லை.

நிமிர்ந்தபோது ருக்கு பின்கதவருகே நின்றுகொண்டிருந்தாள். மீனாம்பாள் உள்ளே யாரிடமோ அழுதுகொண்டிருந்தாள் போலும்.

"அம்மா இந்த வண்டியில வரும்போது பேசினாங்களா?"

விசாலாட்சி வாளியைப் பிடித்தபடி நின்றாள். நான்தான் முந்திக்கொண்டேன். வாய் சும்மா இருக்குமா. "கம்பு குத்தினா ரொம்ப வலிக்கும்ல பாப்பா. அதான், பேசல."

"கம்பு குத்தல" என்றாள் ருக்கு. கோபமில்லை, திருத்துகிற மாதிரி சொன்னாள். "நான்தான் சுட்டேன். அம்மா புடவை தெரிஞ்சிது. அதுக்குள்ள வெடிச்சிருச்சு. அப்பா கம்புன்னு சொன்னார். அவர் அழுதுட்டே சொன்னதால சரின்னு சொல்லிட்டேன்."

என் கையில் பிரஷ் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரியக் கூடாதென்று ஒருத்தி சாகும்போது கெஞ்சினாள், ஒருத்தன் ஜெயிலுக்குப் போகிறான், ஒருத்தி பொய் சொன்னாள், நான் அந்தப் பொய்யை அவள் தலையில் கட்டினேன். ருக்குவோ எங்களுக்காகத் தெரியாதவள்போல இருந்திருக்கிறாள்.

"அம்மா என்னைத் திட்டினாங்களா?"

"இல்லம்மா." விசாலாட்சி ஈரத்தில் அப்படியே உட்கார்ந்தாள். "நீ மானைத்தான் பாத்தேன்னு சொன்னாங்க."

ருக்கு தலையை ஆட்டினாள். குழாயில் முகத்தைக் கழுவினாள், காலிலிருந்த செம்மண்ணை ஒரு காலால் மறு காலைத் தேய்த்துப் போக்கினாள், பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"போலீஸ் ஆபீஸ் எந்தப் பக்கம்?" என்றாள்.

நாங்கள் இருவரும் கை காட்டவில்லை. அவள் எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கீழே பார்த்தாள். நாங்கள் கொட்டிய தண்ணீரில் ஏறிப்போன ஜீப்பின் சக்கரத் தடம் ஈரமாக வாசலைத் தாண்டி, ரோட்டில் இடப்பக்கம் திரும்பியிருந்தது. அவள் அதன்மேலேயே நடந்து போனாள். விசாலாட்சி எழுந்து, வாளியை அப்படியே போட்டுவிட்டு அவள் பின்னால் ஓடினாள். நடுமத்தியான வெயில். தடம் காய்ந்துகொண்டே போனது, அது மறைவதற்குள் எட்டிவிட வேண்டும் என்று அந்தக் குழந்தை வேகவேகமாக நடந்தது.