பஞ்சுக் கை

கிளப்பில் எனக்குப் பட்டப்பெயர் பஞ்சுக் கை. பாராட்டாக வைத்த பெயர்தான்.

வாலிபால் பெண்களின் தோலுக்கடியில் எத்தனை மில்லிமீட்டர் கொழுப்பு இருக்கிறது என்று மாதம் ஒருமுறை அல்ட்ராசவுண்டில் அளப்பது என் வேலைகளில் ஒன்று. உடம்பில் எட்டு இடங்களில் பார்க்க வேண்டும். இதில் முக்கியமான விதி, அழுத்தக் கூடாது என்பது. ஜெல்லை விரல் கனத்துக்குக் கொட்டி, அதன்மேல் புரோபை, அதாவது கருவியின் கைப்பிடி முனையை, மிதக்க விட வேண்டும். கொழுப்பு மெத்தை மாதிரி. கொஞ்சம் கை வைத்தால் போதும், பதினைந்து மில்லிமீட்டர் ஒன்பதாகிவிடும்.

இது பெண்களுக்கும் தெரியும். "லேசா ஒரு அழுத்து அழுத்துங்க டாக்டரம்மா, புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சுவார்கள். நான் மசிவதில்லை. பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட மசிந்ததில்லை. என்னைப் பற்றி நானே பெருமைப்பட்டுக்கொள்ள அதிகம் கிடையாது. நாற்பத்தேழு வயது, கிராலியேவோ நகரில் இரண்டு அறை வீடு, பூக்காத ஒரு செடி. மிச்சம் இருந்தது இந்தக் கை.

அந்தக் கையின் கதைதான் இது.

ஜனவரி கடைசியில் ஒரு திங்கட்கிழமை யாகொதா முழங்காலைக் காட்ட வந்தாள். இருபத்திரண்டு வயது, எங்கள் அணியின் முக்கியமான அடிக்காரி. வலையருகே அவள் எழும்பினால் எதிரணிப் பெண்கள் கோவிலில் சாமி பார்ப்பதுபோல அண்ணாந்து பார்ப்பார்கள். நவம்பரிலிருந்து முழங்கால் சிப்பிக்குக் கீழே வலி. என் அறைக்கு வந்ததும் முதல் வேலையாகக் காலிலிருந்து முட்டைக்கோஸ் இலையை உரித்துக் குப்பைக்கூடையில் போடுவாள். அவள் அம்மா ஸ்தானியா இரவெல்லாம் கட்டிவிடும் வைத்தியம் அது. என் படிப்பின்மேல் ஸ்தானியாவுக்கு இருந்த மரியாதை, ஒரு முட்டைக்கோஸுக்குச் சற்றுக் கீழே.

முழங்கால் சிப்பியிலிருந்து கீழே இறங்கும் தசைநாண், நன்றாக இருந்தால் திரையில் சீப்பால் வாரிய நரைமுடி மாதிரி தெரியும். யாகொதாவுக்கு அதன் மேல்முனையில் ஒரு கருந்திட்டு. அது பழையது, எல்லோருக்கும் தெரிந்தது. கேள்வி அந்தத் திட்டுக்குள் ரத்தம் ஓடுகிறதா என்பது. டாப்ளர் பொத்தானை அழுத்தினால், ஓடுகிற ரத்தம் சிவப்பாகத் தெரியும். சிவப்பு இருந்தால் இரண்டு வாரம் குதிக்கக் கூடாது, இல்லாவிட்டால் ஆடலாம். கிளப்புக்கு இந்த விதியை எழுதிக் கொடுத்தவளே நான்தான். மூன்று வருடம் முன்பு ஒருத்தி இந்தச் சிவப்போடு ஆடி, தசைநாண் பாதி கிழிந்து, இப்போது ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பாளராக இருக்கிறாள். எனக்குப் பல் பிடுங்க வேண்டியிருந்தபோது வேறு மருத்துவரைத் தேடிப் போனேன்.

அந்தச் சனிக்கிழமை பெரிய ஆட்டம். யாகொதாவைப் பார்க்கவென்றே இத்தாலியிலிருந்து ஒரு கிளப்காரர் வருவதாக இருந்தது.

"சொல்லுங்க டாக்டரம்மா, இருக்கா இல்லையா?" என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கேட்டாள்.

திரையில் கருந்திட்டு இருந்தது. சிவப்பு ஒரு புள்ளிகூட இல்லை.

"இல்ல. ஆடலாம்" என்றேன்.

அவள் எழுந்து என்னைக் கட்டிக்கொண்டதில் என் கால்கள் தரையை விட்டு எழும்பின. அரைமணி நேரத்தில் கோச் ராடிஸாவே காபிக் கோப்பையோடு வந்தார். எங்கள் கட்டடத்தில் ஒரு வழக்கம் உண்டு. நான் 'ஆடலாம்' என்றால் காபியும், கூடவே தட்டில் ஒரு ரத்லுக் மிட்டாயும் வரும். 'கூடாது' என்றால் தண்ணீர்கூட வராது. அன்று இரண்டு ரத்லுக் வந்தது. இரண்டையும் தின்றேன், விரலில் ஒட்டிய சர்க்கரைத் தூள் உட்பட.

புதன்கிழமை மாதாந்திரக் கொழுப்பு அளவீடு. டிசம்பர், ஜனவரி எங்கள் ஊரில் வீட்டுப் புனிதர் விருந்துகளின் காலம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு புனிதர், ஒவ்வொரு புனிதருக்கும் ஒரு முழுப் பன்றி. பெண்கள் வயிற்றைத் தடவிக்கொண்டே உள்ளே வந்தார்கள்.

கேப்டன் மிலுன்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். வாய்த்துடுக்கு அதிகம் அவளுக்கு.

"இந்தத் தடவை முதல்ல நீங்க படுங்க டாக்டரம்மா. எங்க வீட்டு விருந்துல முட்டைக்கோஸ் உருண்டை எத்தனை சாப்பிட்டீங்கன்னு எங்க அம்மா எண்ணி வச்சிருக்கா."

"ஒம்பது" என்றாள் யாகொதா பின்னாலிருந்து.

"பதினொண்ணு" என்றாள் மிலுன்கா. "நானும் ரெண்டு தடவை எண்ணினேன்."

சிரித்துக்கொண்டே படுத்தேன். எனக்கென்ன பயம்? சட்டையைத் தூக்கி, தொப்புளுக்குப் பக்கத்தில் ஜெல்லைக் கொட்டி, புரோபை வைத்து, இன்னொரு கையால் படத்தை நிறுத்தி அளந்தேன்.

"பன்னிரண்டு மில்லிமீட்டர்" என்று அறிவித்தேன். என் குரலில் ஓர் அடக்கமான பெருமை இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

மிலுன்கா திரைக்குக் கிட்டே குனிந்தாள்.

"கறுப்புப் பட்டை எங்க டாக்டரம்மா?"

புரோபுக்கும் தோலுக்கும் நடுவில் இருக்கும் ஜெல், படத்தின் மேல்விளிம்பில் ஒரு கறுப்புப் பட்டையாகத் தெரியும். அது இருந்தால்தான் அழுத்தவில்லை என்று அர்த்தம். பதினோரு வருடமாக இந்தப் பெண்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த பாடம். என் படத்தில் பட்டையே இல்லை. தோல் நேராக விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஐயோ, அழுத்தியிருக்காங்க!" என்று ஒருத்தி கத்தினாள். "பஞ்சுக் கையாம் பஞ்சுக் கை!"

"இது பஞ்சா? இஸ்திரிப் பெட்டிடீ!"

"எங்களுக்குன்னா மிதக்க விடுவீங்க, உங்களுக்கு மட்டும் அமுக்கிக்குவீங்களா?"

யாகொதா சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்தாள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய? மறுபடி ஜெல் போட்டு, பத்துப் பேர் காவலில் அளந்தேன். இருபத்து மூன்று. மிலுன்கா அதைப் பலகையில் பெரிதாக எழுதி, வட்டம் போட்டாள்.

உண்மையில் நான் அழுத்த நினைக்கவேயில்லை. கேட்டால் சத்தியம் செய்திருப்பேன். கை தானாகச் செய்தது. நான் என்ன பார்க்க விரும்புகிறேன் என்று என்னைக் கேட்காமலே தெரிந்துகொண்டு, எனக்கு வேண்டியதைக் கொண்டுவந்து கொடுத்தது. நல்ல வேலைக்காரி. எத்தனை வருடமாக இப்படிச் சேவகம் செய்கிறாள் என்று நினைத்தபோதுதான் சிரிப்பு நின்றது.

ரத்தக்குழாய்களும் அமுங்கும். தசைநாணுக்குள் புதிதாக முளைக்கும் குழாய்கள் முடிபோல மெல்லியவை. கொழுப்பை அமுக்க வேண்டிய அழுத்தத்தில் பாதிகூட வேண்டாம், ரத்தம் நின்றுவிடும். சிவப்பு காணாமல் போய்விடும்.

பெண்கள் போனதும் திங்கட்கிழமைப் படத்தைத் திறந்தேன். திறப்பதற்குள், ஒருவேளை தேவைப்படுமென்று சில சாக்குகளைத் தயார் செய்துகொண்டேன். இயந்திரம் பழையது. அறை குளிராக இருந்தது. ஜெல் மலிவான வகை. மூன்றும் உண்மை. படம் வந்தது. நரைமுடி, கருந்திட்டு, சிவப்பு இல்லை. மேல்விளிம்பில் கறுப்புப் பட்டையும் இல்லை. தோல் விளிம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது, என் வயிறு போலவே.

அதை நம்பி யாகொதா இரண்டு நாளாகக் குதித்துக்கொண்டிருக்கிறாள்.

ஆளனுப்பிக் கூப்பிட்டேன். படியேறி வரும் சத்தம் கேட்டது. ஒரு கால் அழுத்தமாக, ஒரு கால் லேசாக.

"என்ன டாக்டரம்மா, என் கொழுப்பையும் திருத்தணுமா?"

"முழங்காலைக் காட்டு. திங்கக்கிழமை சரியாப் பாத்தேனான்னு சந்தேகமா இருக்கு."

அவள் முகத்திலிருந்த சிரிப்பு ஒரு நிமிடம் அங்கேயே நின்றது, எங்கே போவதென்று தெரியாமல். படுத்தாள். காலை நீட்டித் தளர்த்தி வைத்தேன். ஜெல்லை அரைக் குப்பி கொட்டினேன். புரோபை இரண்டு விரலால் பிடித்தேன், சூடான தேநீர்க் கோப்பையைப் பிடிப்பதுபோல. கறுப்புப் பட்டை தெரிந்தது. டாப்ளரைப் போட்டேன்.

அடுப்பில் ஊதிவிட்ட கங்கு மாதிரி, திட்டு முழுக்கச் சிவந்தது.

யாகொதா எழுந்து உட்கார்ந்து என் கையிலிருந்து புரோபைப் பிடுங்கினாள். தானே முழங்காலில் வைத்து அழுத்தினாள். சிவப்பு போனது. விட்டாள், வந்தது. அழுத்தினாள், போனது. ஐந்தாறு முறை செய்தாள்.

"இப்பப் பாருங்க, இல்ல" என்றாள் அழுத்தியபடியே. "இதை ஒரு படம் எடுத்து வச்சிடுங்களேன். நம்ம ரெண்டு பேருக்குத்தானே தெரியும்? இத்தாலிக்காரர் ஒரு நாள்தான் வர்றாரு. ஒரே ஒரு ஆட்டம் டாக்டரம்மா."

நான் உடனே மறுத்துவிட்டதாகச் சொல்லத்தான் ஆசை. என் விரல் படமெடுக்கும் பொத்தானுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. கையெழுத்துப் போட்ட தாள் ஏற்கெனவே கோச்சிடம் இருக்கிறது. நான் எதுவும் செய்யவே வேண்டாம். சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

எதையாவது பேச வேண்டுமே என்று கேட்டேன். "இப்பப் படியேறும்போது வலிச்சுதா?"

"வலிச்சுது."

"திங்கக்கிழமை?"

"திங்கக்கிழமையும் வலிச்சுது."

"சொல்லவே இல்லையே நீ."

"நீங்க கேக்கவே இல்லையே."

உண்மை. முழங்காலைப் பார்க்கும் எவரும் முதலில் கேட்கும் கேள்வியை நான் கேட்கவில்லை. பதில் தெரிந்துவிடுமோ என்ற பயம். கையாவது திருட்டுத்தனமாகத்தான் அழுத்தியது. வாயை மூடிக்கொண்டது நானேதான்.

புரோபை அவளிடமிருந்து வாங்கி மாட்டினேன். "ரெண்டு வாரம் குதிக்கக் கூடாது. மறுபடி பாத்துட்டுச் சொல்றேன். தப்பு என்னுது. நான் அழுத்திட்டேன்" என்றேன்.

அவள் அழவில்லை. துண்டால் காலிலிருந்த ஜெல்லை நிதானமாகத் துடைத்தாள். "ரெண்டு நாளாக் குதிச்சேன். நீங்க சொன்னீங்கன்னு வலியைப் பொறுத்துக்கிட்டுக் குதிச்சேன்" என்றாள். வாசலில் நின்று திரும்பினாள். "கோச்சுக்கு நீங்க சொல்லுங்க. அம்மாவுக்கு நான் சொல்றேன். உங்களுதுதான் சுலபமான வேலை."

ராடிஸாவ் விளையாட்டரங்கின் ஓரத்து அறையில் ஆட்டத் திட்டம் வரைந்துகொண்டிருந்தார். எல்லா அம்புக்குறிகளும் யாகொதாவின் எண்ணில் போய் முடிந்தன.

"ரெண்டு நாளுக்குள்ள எங்கேருந்து வந்துச்சு அது?"

"திங்கக்கிழமையே இருந்துச்சு. நான் அழுத்திப் பாத்துட்டேன். அதான் தெரியல."

"நீங்களா? அழுத்திட்டீங்களா?" அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "என் பொண்ணுங்க அழுது கெஞ்சினாக்கூட அரை மில்லிமீட்டர் விட்டுக்கொடுக்காத ஆளாச்சே நீங்க?"

"கெஞ்சினா விட்டுக்கொடுக்க மாட்டேன் கோச். கெஞ்சாட்டித்தான்."

அவருக்கு அது புரியவில்லை. எனக்கே அப்போதுதான் புரிய ஆரம்பித்திருந்தது. அவர் ஜன்னலைப் பார்த்தார், திட்டத்தைப் பார்த்தார், கடைசியில் மேசைமேலிருந்த ரத்லுக் பெட்டியைப் பார்த்தார். அதை எடுத்து இழுப்பறைக்குள் வைத்து மூடினார். பூட்டவில்லை. அந்த மட்டில் கண்ணியமான மனிதர்.

சனிக்கிழமை மூன்றுக்கு ஒன்று என்று தோற்றோம். யாகொதாவின் இடத்தில் ஆடிய பெண் முடிந்ததைச் செய்தாள். இத்தாலிக்காரர் இரண்டாவது செட் முடியும் முன்னே கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்து போனார். எங்கள் வரிசையைக் கடந்துதான் போனார். யாகொதா நீட்டியிருந்த காலை அவருக்காக மடக்கி வழிவிட்டாள். அவர் நன்றி சொன்னார், அவள் யாரென்று தெரியாமல்.

எனக்கு யாகொதாவுக்கும் அவள் அம்மாவுக்கும் பக்கத்தில்தான் இடம் கிடைத்திருந்தது. இல்லை, வேறு இடமும் காலியாகத்தான் இருந்தது. அங்கே உட்காராவிட்டால் இனி எங்கேயுமே உட்கார முடியாதென்று தோன்றியது. எனக்கும் யாகொதாவுக்கும் நடுவில் ஸ்தானியா. முட்டைக்கோஸ் வாசனை பலமாக வந்தது.

"அந்தக் கதவைச் சாத்துங்கப்பா! பொண்ணு முழங்கால்ல காத்து அடிக்குது" என்று வரிசை முழுவதற்கும் கேட்கும்படி கத்திவிட்டு, ஸ்தானியா மடியிலிருந்த துணி மூட்டையை அவிழ்த்தாள். பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட அடுக்கு ரொட்டி, வெண்ணெய் வழிய இருந்தது. மகளுக்கு ஒரு துண்டு கொடுத்தாள். முன்வரிசைக்கு இரண்டு. பின்வரிசைக்கு மூன்று. என்னைத் தாண்டித் தாண்டிக் கை போய் வந்தது. நான் ஆட்டத்தை மிகவும் கூர்ந்து கவனித்தேன்.

மூன்றாவது செட்டின் நடுவில், என் முகத்துக்கு நேரே ஒரு துண்டு நீட்டப்பட்டது. மூட்டையிலேயே பெரிய துண்டு.

"எடுத்துக்கோங்க டாக்டரம்மா."

"வேண்டாம்மா, போன விருந்துலயே..."

"அட, சாப்பிடுங்க" என்றாள் ஸ்தானியா, ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் அமுக்கிக்கிட்டா சரியாப் போச்சு. உங்களுக்குத்தான் கைவந்த கலையாச்சே."

அவளுக்கு அந்தப் பக்கம் யாகொதாவின் தோள்கள் குலுங்கின. சிரிப்பா அழுகையா என்று எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ரொட்டியை வாங்கிக்கொண்டேன். விரலெல்லாம் வெண்ணெய்.