பாதிக் கூரை

மேஸ்திரி கூரையிலிருந்து இறங்கி வந்தபோது அவர் கையிலிருந்த திருப்புளியின் நுனியில் ஈர மரத்தூள் அப்பியிருந்தது. அதை அப்படியே பெரியவளிடம் நீட்டினார்.

"குத்திப் பாத்தேன்மா. பிடி வரைக்கும் உள்ள போகுது. மரமா அது? ஊறின ரொட்டி."

பெரியவள் நெற்றியில் ஏற்றி வைத்திருந்த கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். சமையலறையில் இரண்டு இடத்திலும் கட்டிலுக்கு மேலே ஓரிடத்திலும் ஒழுகுகிறது, உடைந்த ஓட்டை மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்துத்தான் அவரைக் கூப்பிட்டிருந்தாள்.

"ஓடு மாத்தி ஒண்ணும் ஆகப்போறதில்ல. ஓட்டைத் தாங்குற சட்டம் பூரா போச்சு. நடு விட்டமும் அரிக்க ஆரம்பிச்சிருக்கு. பாதி பாதியா ஒட்டுப் போடாதீங்க. மொத்தமா பிரிச்சு மாத்திடுங்க."

"மொத்தம்னா?"

மேஸ்திரி திருப்புளியைத் துடைத்தபடி தலையை இடது பக்கம் ஆட்டினார். "மொத்தம்னா மொத்தம்தான். அந்தப் பக்கமும் சேத்து."

அந்தப் பக்கத்தில் இருந்தவள் சின்னவள், பெரியவளின் கூடப்பிறந்த தங்கை. பெண்கள் இருவருக்கும் அப்பா வைத்த செல்லப்பெயர்களே தெருவில் நிலைத்துவிட்டன. ஐம்பதைத் தாண்டிய பிறகும் அவர்கள் பெரியவளும் சின்னவளும்தான். சாவதற்கு முந்தைய வருடம் அப்பா வீட்டின் குறுக்கே செங்கல் சுவர் ஒன்றை எழுப்பி, வாசலையும் இரண்டாக்கி, ஆளுக்கொரு பாதி என்று கொடுத்துவிட்டுப் போனார். கூரையை மட்டும் அவரால் இரண்டாக்க முடியவில்லை. ஒரே விட்டம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இரண்டு வீட்டையும் சுமந்துகொண்டு நின்றது.

சுவர் எழும்பியபோது அவர்கள் பிரியவில்லை. அதற்குப் பிறகும் பல வருடம் ஒரு வீட்டுக் குழம்பு இன்னொரு வீட்டுக்குப் போய்வந்துகொண்டுதான் இருந்தது. பிரிந்தது பெரியவளின் புருஷன் விஷயத்தில். லாரி ஓட்டிய அந்த மனுஷன் வேறொரு ஊரில் இன்னொரு குடும்பம் வைத்திருந்தான். துணி வாங்க அந்த ஊருக்குப் போன சின்னவள் ஒருநாள் அதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டாள். பார்த்தவள் பதினொரு மாதம் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் தெருவே அரசல்புரசலாகப் பேசிக்கொண்ட பிறகுதான் பெரியவளுக்குத் தெரிந்தது.

"அக்கா வாழ்க்கை என் வாயால கெடக் கூடாதுன்னு நினைச்சேன்" என்று சின்னவள் அழுதாள். பெரியவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புருஷன் அவளை விட்டு அந்த ஊரோடேயே போனதுகூட ஒரு வருடத்தில் ஆறிவிட்டது. அவன் கண் காணாத இடத்தில் இருந்தான். தங்கை அப்படியா? சுவருக்கு அந்தப் பக்கம் இருமினாள், குழாயைத் திறந்தாள், காலை ஏழு மணிக்கெல்லாம் தையல் மெஷினில் உட்கார்ந்து பள்ளிக்கூடச் சீருடைகளைத் தைக்க ஆரம்பித்தாள். கோபத்துக்குத் தினமும் தீனி கிடைத்துக்கொண்டிருந்தது. நாலு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

மேஸ்திரி வந்துபோன மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் வாசலில் நிழல் தட்டியது. பெரியவள் நிமிர்ந்து பார்த்தால் சின்னவள் நிற்கிறாள், தோளில் அளவு நாடாவோடு. கழற்றி வைக்க மறந்து வந்திருந்தாள்.

"மேஸ்திரி எங்கிட்டயும் வந்து சொன்னாரு" என்றாள். "மொத்தமா மாத்திடலாம்க்கா. என் பங்கு ரெடியா இருக்கு."

உள்ளே வா என்று பெரியவள் சொல்லவில்லை. "என் பக்கத்த நான் பாத்துக்கறேன்" என்றாள்.

"விட்டம் ஒண்ணுதானேக்கா?"

"வீடு ரெண்டாச்சே."

சின்னவள் நாடாவின் நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். "அன்னைக்கு நான் சொல்லாம இருந்தது தப்புதான். இல்லேங்கல. ஆனா..."

"எனக்கு வேலைக்கு நேரமாச்சு" என்று பெரியவள் எழுந்தாள்.

அவள் வேலை பார்த்தது ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில். ஞாயிற்றுக்கிழமை அங்கே அவளுக்கு விடுமுறை என்பது சின்னவளுக்கு நன்றாகவே தெரியும். இருந்தும் வழிவிட்டு நின்றாள். சொல்லிவிட்ட பொய்க்காகப் பெரியவள் புடவை மாற்றி, பையை மாட்டி, வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதாயிற்று. பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். ஐந்து பஸ்கள் வந்து நின்று, ஏறப் போகிறாளா என்று பார்த்துவிட்டுப் போயின. கூப்பிட்டு உட்காரச் சொல்லியிருக்கலாமோ என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் அதை விரட்டியும் விட்டாள்.

திங்கட்கிழமை மேஸ்திரியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், தன் பாதியை மட்டும் மாற்றினால் போதும் என்று. மொத்தமாக மாற்றப் பணம் இல்லாமல் இல்லை. மனசுதான் இல்லை.

மேஸ்திரிக்கு முகம் சுருங்கியது. செங்கல் ஒன்றை எடுத்துத் தரையில் வைத்து, அதன் பக்கத்தில் ஒரு ஓட்டுத் துண்டைப் படுக்க வைத்தார்.

"இது உங்க புதுக் கூரை. இது அவங்க பழைய கூரை. புதுசு ரெண்டு விரல் உசரமா நிக்கும். மழை பெஞ்சா தண்ணி எங்க போகும்? தாழ்ந்த பக்கம்தானே? நேரா அவங்க பக்கம் இறங்கும். ஏற்கெனவே நொந்த மரம், தாங்காதும்மா."

"அதுக்கு என்ன பண்ணணும்?"

"அவங்க பக்கமும் நாலு வரிசை ஓடு பிரிச்சு, சட்டம் மாத்தி, சரிவாக் கொண்டுபோய் சேக்கணும். நடு விட்டத்துக்கு ஒரு முட்டும் கொடுக்கணும். ஒரு நாள் வேலை. ஆனா அவங்க சம்மதிக்காம அவங்க கூரைல நான் கை வைக்க முடியாது. ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லிடுங்க."

"கேக்கறேன்" என்றாள்.

கேட்கவில்லை. இரண்டு நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். மூன்றாம் நாள் மேஸ்திரி ஏணியும் ஆளுமாக வந்து நின்று, "தங்கச்சி என்ன சொன்னாங்க?" என்று கேட்டபோது, அவளே எதிர்பாராத சரளத்தில் வாயிலிருந்து வந்தது.

"அவ வேணாம்னுட்டா."

"வேணாம்னாங்களா? அன்னைக்கு எங்கிட்ட நல்லாத்தானே பேசினாங்க?"

"எங்கிட்ட வேணாம்னுதான் சொன்னா. நீங்க போய்க் கேட்டு வீணா வம்பை வளக்காதீங்க. இதோட நிறுத்திக்கங்க."

மேஸ்திரி உதட்டைப் பிதுக்கினார். அக்கா தங்கை சண்டைக்குள் தலையைக் கொடுக்கிற வயதெல்லாம் அவருக்குத் தாண்டியிருந்தது. எட்டு நாளில் வேலையை முடித்தார். புதுச் சட்டம், புது ஓடு. தெருவிலிருந்து பார்த்தால் ஒரே கூரையில் வலது பாதி செக்கச்செவேல் என்றும் இடது பாதி பாசி படிந்து கறுப்பாகவும் இருந்தது. எதிரே டயர்கடை வைத்திருந்தவர், "பாதி முடிக்கு மட்டும் சாயம் அடிச்சாப்ல இருக்கு" என்று சொல்லிச் சிரித்தார். பெரியவளும் சிரித்துவைத்தாள்.

ஒரு மாதம் கழித்து மழை பிடித்தது. முதல் நாள் அவள் வீட்டில் ஒரு சொட்டு விழவில்லை. ஒழுகும் இடத்தில் வைக்கிற வாளிகளைக் கழுவிக் கவிழ்த்துவைத்தாள். நிம்மதியாகத் தேநீர் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் நகர்த்தும் சத்தம் கேட்டது. ஒன்று, இன்னொன்று, பிறகு ஏதோ கனமான சாமானைத் தரையோடு இழுக்கும் சத்தம். மெஷின் ஓடும், நிற்கும், இடம் மாறி மறுபடி ஓடும். பெரியவள் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாள். அந்தத் தேநீர் அவளுக்கு இறங்கவில்லை என்பதும் உண்மை. இப்போதாவது போய் நின்றிருக்கலாம். மேஸ்திரிக்கு ஒரு போன் போட்டு, நாலு தார்ப்பாய் கட்டச் சொல்லியிருக்கலாம். நாளைக்குப் பார்ப்போம் என்று இரண்டு நாளைத் தள்ளினாள்.

மூன்றாம் நாள் மதியம் அவள் சலவைப் பிரிவில் இருந்தாள். தேய்ப்பு இயந்திரத்தின் உருளையிலிருந்து சூடாக வரும் விரிப்புகளை நாலாய் மடித்து, வார்டு வாரியாக அடுக்கும் வேலை. அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. போன் அலமாரிக்குள் கிடந்தது. எலும்பு முறிவு வார்டின் ஆயா விரிப்பு வாங்க வந்தவள், அவளைப் பார்த்ததும் திகைத்துப்போய் நின்றாள்.

"நீங்க இங்கயா இருக்கீங்க? உங்க தங்கச்சியக் கொண்டுவந்து ஒரு மணி நேரமாச்சே. வீட்டுக் கூரை விழுந்துடுச்சாம். உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

கையிலிருந்த விரிப்போடு பெரியவள் ஓடினாள். அதைக் கீழே வைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

சின்னவள் சன்னலோரக் கட்டிலில் கிடந்தாள். தலைமுடியெல்லாம் ஓட்டுச் சிவப்பு. வலது கை முழங்கையிலிருந்து விரல் வரைக்கும் கட்டுக்குள் இருந்தது. ஒப்படைக்க வேண்டிய சீருடைகள் நனையாமல் எடுக்கப் போனபோது சட்டம் முறிந்து, ஓடும் மரமுமாக மெஷின் மேலேயே இறங்கியிருக்கிறது. தலைக்கு வந்ததைக் கையால் தடுத்திருக்கிறாள். டயர்கடைக்காரரும் ஆட்களும்தான் வெளியே இழுத்திருக்கிறார்கள்.

அக்காவைப் பார்த்ததும் சின்னவள் முதலில் கேட்டது இதுதான்: "உன் பக்கம் ஒண்ணும் ஆகலையேக்கா?"

இல்லை என்று பெரியவள் தலையை மட்டும் ஆட்டினாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அந்தச் சிவப்புத் தூளை முடியிலிருந்து விரலால் எடுக்க ஆரம்பித்தாள். நாலு வருடத்துக்குப் பிறகு தங்கையைத் தொடுகிறாள். பேச வேண்டியது நிறைய இருந்தது. அதற்குள் மேஸ்திரி வந்துவிட்டார். செய்தி கேட்டு, வேலை பார்த்த கோலத்திலேயே, முழங்காலெல்லாம் சிமெண்டோடு வந்திருந்தார். பதற்றம் அவருக்குக் கோபமாக வந்தது.

"ஏம்மா, நாலே நாலு வரிசைதானே பிரிக்கிறேன்னேன்? ஒரு முட்டுக் கொடுத்திருந்தா நின்னிருக்குமே. வேணாம்னு சொல்லி விட்டீங்களாமே, இப்பப் பாருங்க எங்க வந்து கிடக்குறீங்கன்னு. அக்கா மேல கோபம்னா அதைக் கூரை மேலயா காட்டுறது?"

சின்னவள் ஒரு கணம் விளங்காமல் அவரைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். பெரியவளின் விரல்கள் முடியிலேயே நின்றுவிட்டன. சின்னவளின் முகத்தில் புரிந்துகொண்டது தெரிந்தது. அது கோபமாக மாறும் என்று பெரியவள் காத்திருந்தாள். மாறவில்லை.

"ஆமா மேஸ்திரி" என்றாள் சின்னவள். "நான்தான் வேணாம்னேன். புத்தி கெட்டுப்போய் சொல்லிட்டேன்."

"நல்லாச் சொன்னீங்க போங்க" என்று அவர் இன்னும் நாலு வார்த்தை திட்டினார். அத்தனையையும் சின்னவள் கண்ணை மூடியபடி வாங்கிக்கொண்டாள்.

அப்போதே பெரியவள் வாயைத் திறந்திருக்க வேண்டும். 'இவ சொல்லல, நான் கேக்கவே இல்ல' என்று ஒரு வரி. வார்டில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் அவளுக்கு வணக்கம் வைப்பவர்கள். அவள் மறுபடி முடியிலிருந்த தூளை எடுக்க ஆரம்பித்தாள். பிற்பாடு அவள் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்தாள்: கூரை விஷயத்தில் சொன்ன பொய் கோபத்தில் வந்தது, அதற்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் தங்கை தனக்காகத் திட்டு வாங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து சும்மா இருந்ததற்கு எந்தச் சமாதானமும் கிடைக்கவில்லை.

பத்தாம் நாள் சின்னவளின் மகள் காரோடு வந்தாள். வேறு ஊரில் மருந்துக்கடையில் வேலை அவளுக்கு. "கூரை இல்லாத வீட்டுல அம்மாவ எப்படி விட்டுட்டுப் போறது பெரியம்மா? கொஞ்ச நாள் எங்கூட இருக்கட்டும்" என்றாள். 'என் பக்கம் இருக்கட்டும்' என்று பெரியவள் சொல்லத்தான் செய்தாள். குரல்தான் எழும்பவில்லை. மகள் அதை மரியாதைக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டாள்.

அவர்கள் போன பிறகு பெரியவள் மேஸ்திரியைக் கூப்பிட்டு, இரண்டு பக்கத்தையும் மொத்தமாகப் பிரிக்கச் சொன்னாள். நடு விட்டம் போய்விட்டதால் புதிதாகப் போட்ட அவள் பாதியையும் இறக்க வேண்டியிருந்தது. மேஸ்திரிக்கே சங்கடமாக இருந்தது. மூன்று வாரம் வீட்டுக்கு மேல் வானம்தான். புது விட்டத்தை ஏழு பேர் தூக்கி ஏற்றிய அன்று அவள் அவரிடம் சொன்னாள்.

"அவ வேணாம்னு சொல்லல மேஸ்திரி. நான் அவகிட்ட கேக்கவே இல்ல."

மேஸ்திரி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "அந்தப் பிள்ளையப் போட்டு அத்தனை பேச்சு பேசிட்டேனே நான்."

அதற்குப் பிறகு அவர் வேலை முடியும்வரை அவளிடம் தேநீரும் வாங்கிக் குடிக்கவில்லை.

கூரை முடிந்த அன்று தங்கைக்குப் போன் செய்தாள். என்ன சொல்வது என்று இரண்டு நாளாக ஒத்திகை பார்த்திருந்தும் முதல் வரியே உடைந்துவிட்டது.

"சின்னவளே, அன்னைக்கு மேஸ்திரிகிட்ட நான்தான்..."

"தெரியும்க்கா. விடு."

"விட முடியலடி."

"நானும் உங்கிட்ட ஒண்ண மறைச்சேன்ல" என்றாள் சின்னவள். "அதுக்கு இதுன்னு சொல்ல வரல. சும்மா சொன்னேன்."

"கை எப்படி இருக்கு?"

"இருக்கு. ஊசி பிடிச்சா நடுங்குது. மெஷின் மிதிக்கலாம், துணியத்தான் நேரா ஓட்ட முடியல."

"உன் பக்கம் எல்லாம் முடிஞ்சுது. சன்னலுக்கும் புதுசா வர்ணம் அடிச்சிருக்கேன். எப்ப வர்ற?"

"பாப்போம்க்கா" என்றாள் சின்னவள்.

கோடையில் ஒருமுறை வந்தாள். இரண்டு நாள் இருந்தாள். கூரையை அண்ணாந்து பார்த்து நல்லா இருக்கு என்றாள். அக்காவோடு ஒரே தட்டில் சாப்பிட்டாள், பழைய கதைகள் பேசிச் சிரித்தாள், புருஷன் பேச்சையும் கூரைப் பேச்சையும் இருவருமே எடுக்கவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது போலத்தான் இருந்தது. படுக்கும்போது மட்டும், "போர்வை எங்கக்கா இருக்கு, எடுத்துக்கட்டுமா?" என்று அனுமதி கேட்டாள். விருந்தாளி கேட்பதைப் போல.

கிளம்பும்போது தன் பாதி வீட்டின் சாவியை அக்காவிடம் கொடுத்து, நல்ல குடும்பமாகப் பார்த்து வாடகைக்கு விடச் சொன்னாள். பெரியவள் சரி என்று வாங்கிக்கொண்டாள். வருகிறவர்கள் வந்து பார்க்கிறார்கள், வீடு பிடித்திருக்கிறது என்கிறார்கள். அவள்தான் இன்னும் யாருக்கும் சரி என்று சொல்லாமல் ஏதாவது காரணம் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறாள்.