பன்னிரண்டு நிமிடம்

மூன்றாம் வரிசையின் கடைசிக் கணினித் திரை திடீரென்று சாம்பல் நிறமானபோது தேர்வறையை மேற்பார்த்துக்கொண்டிருந்த கணக்கு டீச்சர் எட்டிப் பார்த்தாள். 'உங்கள் தேர்வு நிறைவடைந்தது, நன்றி' என்றது திரை. என்ன நிறைவடைந்தது? அதன் எதிரே உட்கார்ந்திருந்த வார்டு அக்கா, குனிந்த தலை நிமிராமல் தாளில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

வார்டு அக்கா பெரிய ஆஸ்பத்திரியில் தற்காலிக உதவியாளர். பகலெல்லாம் நோயாளிகளைத் தூக்கி, திருப்பி, துடைத்துவிட்டு மாலை வகுப்புக்கு வருவாள். டீச்சரைவிடப் பத்து வயது மூத்தவள். ஆனாலும் டீச்சர் தும்மினால்கூட நோட்டில் எழுதிக்கொள்வாள் என்று வகுப்பில் கிண்டல் செய்வார்கள். இந்தத் தேர்வில் தேறினால் வேலை நிரந்தரம். இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. அடுத்த மாதம் வயது வரம்பு தாண்டுகிறது. அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

இனிமேல் கணினியில்தான் தேர்வு என்று அறிவிப்பு வந்த நாளிலிருந்து டீச்சர் தொண்டை கிழியக் கத்தியது ஒன்றே ஒன்றுதான். "திரையப் பாத்துப் பதறாதீங்க. மொதல்ல எல்லாத்தையும் தாள்ல போட்டு முடிங்க. அப்புறம் மொத்தமா விடைய ஏத்துங்க." மற்றவர்கள் அதைக் காற்றில் பறக்கவிட்டார்கள். கைக்கு வந்ததை அழுத்திக்கொண்டு, காலாட்டிக்கொண்டு சௌக்கியமாக இருந்தார்கள். பத்துக் கணக்கையும் தாளில் பெயர்த்து எழுதிக்கொண்டு, சொன்ன பேச்சைக் கேட்டவள்தான் மாட்டிக்கொண்டாள்.

பன்னிரண்டு நிமிடம் மவுசையோ விசைப்பலகையையோ தொடாவிட்டால் ஆள் எழுந்து போய்விட்டதாக எடுத்துக்கொண்டு அந்தக் கணினி தேர்வை மூடிவிடும். சுற்றறிக்கையின் நாலாம் பக்கத்தில் அது இருந்தது. டீச்சர் படிக்காமல் இல்லை. பாதியில் எழுந்து போகிறவர்களுக்கான விதி என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிட்டாள். அந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று இப்போது தோன்றியது.

தேர்வறைக்குள் பேசக்கூடாது. மேற்பார்வைக்குத் துணையாக வந்த பையனை உள்ளே நிறுத்திவிட்டு, கண்ணாடிச் சுவருக்கு வெளியே வந்து உதவி மையத்துக்குப் போன் போட்டாள். நான்கு நிமிடம் இசை கேட்க வைத்துவிட்டு ஓர் இளைஞன் எடுத்தான்.

"ஆள் எங்கயும் போகல தம்பி. உக்காந்து கணக்குப் போட்டுட்டு இருக்காங்க. திறந்து விடுங்க."

"சிஸ்டத்துல எந்த அசைவும் இல்லையே மேடம்."

"மூளை அசையுறது உங்க சிஸ்டத்துக்குத் தெரியாதா?"

அவன் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. "திறக்க ஒரு காரணம் வேணும் மேடம். மின்தடை, கணினிப் பழுது, நெட் துண்டிப்பு. இதுல ஒண்ணு சொல்லுங்க."

"மின்தடைன்னு போடுங்க."

"உங்க ரூம்ல மத்த இருபத்தொம்பது சிஸ்டமும் ஓடுதே மேடம். பொய்யாப் போட்டா எல்லாருடைய தேர்வும் ரத்தாகிடும்."

டீச்சர் சுவரில் சாய்ந்துகொண்டாள். "அப்ப நான் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன்னு எழுதிக்குங்க. டீச்சரோட தப்பு. அவங்க பேர்ல ஒரு குத்தமும் இல்ல."

மறுமுனையில் தட்டும் சத்தம் கேட்டது. அவன் நிஜமாகவே தேடிக்கொண்டிருந்தான்.

"அப்படி ஒண்ணு லிஸ்ட்ல இல்ல மேடம். மேலிடத்துக்கு அனுப்பறேன். மூணு வேலை நாள்ல பதில் வரும்."

தேர்வு முடிய இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

போனைக் காதிலிருந்து எடுக்காமலே டீச்சர் கண்ணாடி வழியே பார்த்தாள். வார்டு அக்கா பத்தாவது கணக்குக்கு அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள். நிமிர்ந்தவள் திரையைப் பார்க்கவில்லை, டீச்சரைத்தான் தேடினாள். கண்டுபிடித்ததும் பத்து விரல்களையும் விரித்துக் காட்டினாள். பத்தும் வந்துவிட்டதாம். முகமெல்லாம் சிரிப்பு. பிறகு உள்ளங்கைகளைச் சீருடையில் துடைத்துக்கொண்டு, தாளை விட்டுக் கண்ணை எடுக்காமல், ஒற்றை விரலால் முதல் விடையைத் தட்ட ஆரம்பித்தாள்.